விக்டர் மேல் நான் எழுதிய பிராது

என் கையெழுத்து அழகாக இருக்கும். நானே சொல்லிக்கொள்வது தற்பெருமைதான். ஆனால் இனிமேல் வரப்போகிற விஷயத்தில் நான் பெருமைப்பட்டுக்கொள்ள வேறு எதுவும் இல்லை என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த அழகான கையெழுத்தில், முழுசாக ஒரு பக்கத்துக்கு, ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லாமல், என் மேலேயே நான் பிராது எழுதியிருக்கிறேன். அதுவும் சாமியிடம்.

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஊரை ஒட்டி மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. முருகன்தான். ஆனால் எங்கள் பக்கத்துக்கு அவர் நீதிபதியும்கூட. மாடு காணாமல் போனாலும், வரப்பை வெட்டிக்கொண்டாலும், வாங்கிப் போன நகையைத் திருப்பித் தராவிட்டாலும் ஒரு தாளில் பிராது எழுதி, சாமி காலடியில் வைத்தெடுத்து, திருநீறோடு மடித்து, வேலில் நூலால் கட்டிவிட்டு வருவார்கள். எதிராளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறாரோ அந்தக் கிலோமீட்டருக்கு ஏற்றபடி சாமிக்குப் படிக்காசு உண்டு. (நீதிபதி போய்வர வேண்டாமா?) விவகாரம் தீர்ந்துவிட்டால் திரும்பவும் வந்து 'ராஜினாமா' எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்கிற வரைக்கும் வழக்கு நடக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் தெருவில் பிராது எழுதுகிற ஆள் நான்தான். பத்தாவது படிக்கும்போதே ஆரம்பித்துவிட்டேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போன முதல் ஆள் என்பதால் ரேஷன் கார்டு மனுவிலிருந்து சாமிக்கு எழுதுகிற மனு வரை எல்லாம் என் தலையில்தான். அந்தப் பொறுப்பு எனக்குப் பிடித்தும் இருந்தது. பேனாவை எடுத்தால் பெரிய மனுஷி தோரணை வந்துவிடும்.

என் பெயரும் கொளஞ்சிதான். வேண்டுதலில் பிறந்த பிள்ளை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்புக்கு நாலு கொளஞ்சி இருப்போம், யாருக்கும் அது விசேஷமாகத் தெரியாது. கடலூரில் கல்லூரிக்குப் போன முதல் நாள் வருகைப் பதிவேட்டை வாசித்த மேடம் என் பெயரில் நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "இது பேரா, ஊரா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தவள், அந்த ஒரு நிமிடத்தில் பெஞ்சுக்கு அடியில் இறங்கிவிட்டேன். அதன் பிறகு மூன்று வருடமும் பெயர் கேட்டால் இருமிக்கொண்டேதான் சொன்னேன்.

அப்படிப்பட்டவள் பிழைப்புக்குத் தேர்ந்தெடுத்த தொழில் என்ன தெரியுமா? பெயர் விற்பது.

இணையத்தில் கடை வைக்கிற யாருக்கும் ஒரு முகவரி வேண்டும், இன்ன பெயர் டாட் காம் என்று. அதை டொமைன் என்பார்கள். உலகத்தில் ஒரு முகவரி ஒருவருக்குத்தான், முதலில் பதிந்தவருக்கே சொந்தம். வருடா வருடம் கட்டணம் கட்டிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். நாளைக்கு யாருக்காவது தேவைப்படும் என்று தோன்றுகிற நல்ல பெயரை இன்றைக்கே பதிந்துவைத்து, தேவைப்படுகிறவரைத் தேடிப்பிடித்து விற்றால் அதுவே தொழில். இதை மட்டுமே செய்து பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று கடைசி வருடத்தில் ஒரு வீடியோவில் பார்த்தேன். கம்ப்யூட்டரும் மூளையும் போதும், யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டாம் என்றார் அந்த வீடியோக்காரர். கைகட்டுவதில் எனக்கு எப்போதுமே கொஞ்சம் தகராறு உண்டு. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அப்பா ஏகாம்பரத்துக்குப் பீங்கான் கம்பெனியில் சூளை வேலை. அதே கம்பெனியில் அம்மா ஜாடிக்குக் காது ஒட்டுகிறார். இருவரிடமும் என் தொழிலை விளக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆனது. சாயங்காலம் அம்மா சுருக்கமாகக் கேட்டார்.

"பொருளு எங்கடி இருக்குது?"

"பொருளு இல்லம்மா, பேருதான்."

"பேர விக்கிறதுக்கா காலேஜி?"

அப்பா அம்மா அளவுக்குக் கேள்வி கேட்கவில்லை. யோசித்துவிட்டு ஒரு கெடு வைத்தார். "வர்ற தை வரைக்கும் பாரு. அதுக்குள்ள இது வூட்டுக்கு ஆகுற தொழிலுன்னு காட்டிட்டா நான் ஒண்ணும் பேச மாட்டேன். இல்லன்னா மொதலாளிகிட்ட சொல்லி வெச்சிருக்கிறேன். ஆபீசுல பில்லு போட ஒரு நாற்காலி காலியா இருக்குது."

நல்ல நாற்காலிதான். மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தது. வெயிலிலும் சூளையிலும் காய்ந்த மனிதர் தன் மகளுக்கு அந்த இடத்தைப் பார்த்து வைத்ததில் என்ன தப்பு? ஆனாலும் எனக்கு அது வேண்டாம். நான் தேர்ந்தெடுத்த தொழிலில் நான் நிற்க வேண்டும். அந்தத் தை மாதம்தான் எனக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்த கத்தி.

இதற்கு நடுவில் நான் 'பேரு வெக்கிற வேல' பார்ப்பதாகச் செய்தி பரவி, பெண்ணாடத்து அத்தை வெற்றிலை பாக்கு பழத்தோடு வந்துவிட்டார். பேரனுக்கு 'சி' எழுத்தில் பெயர் வேண்டுமாம். இரண்டு பெயர் சொல்லி அனுப்பினேன். (அந்த வருடத்தில் நான் கொடுத்த பெயருக்குக் கிடைத்த முதல் வருமானம் ஒரு சீப்பு வாழைப்பழம்.)

நான் வாங்கிக் குவித்திருந்த பெயர்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 'விருத்தாசலம் விமான நிலையம்' டாட் காம் என்னிடம் இருந்தது. ஊருக்கு விமானம் வந்தால் அரசாங்கம் என்னிடம்தானே வர வேண்டும்? 'உலக முந்திரி வங்கி'யும் இருந்தது. அப்படி ஒரு வங்கி இல்லை, இருக்கவேண்டிய அவசியமும் இல்லை என்பதெல்லாம் எனக்கு அப்போது தோன்றவே இல்லை. இப்படி நாற்பது பெயர். ஒன்றைக்கூட ஒருவரும் சீண்டவில்லை.

ஒரு மத்தியானம் பழைய சோறும் மாங்காய் ஊறுகாயும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று அருள் வந்த மாதிரி ஒரு பெயர் வந்தது. நீலக்குதிரை! என்ன கம்பீரம், என்ன நிறம்! துணிக்கடைக்கு ஆகும், பொம்மைக்கு ஆகும், பீங்கானுக்கு ஆகும். தேடிப் பார்த்தால் யாரும் எடுக்கவில்லை. ஒரு கையில் ஊறுகாய் காய்ந்துகொண்டிருக்க, இன்னொரு கையால் பதிந்து முடித்தேன். இந்த மாதிரி பெயரெல்லாம் எல்லாருக்கும் தோன்றிவிடாது, அதற்கென்று ஒரு மூளை வேண்டும் என்று நினைத்துக்கொண்டதும் நினைவிருக்கிறது.

பெயர் தயார். அதைக் கொண்டுபோய் விற்க ஆள் வேண்டும். கொளஞ்சி என்று கையெழுத்துப் போட்டால் எந்தக் கம்பெனி மதிக்கும்? 'இது பேரா, ஊரா' என்றுதான் கேட்கும். அதனால் ஓர் ஆளை உண்டாக்கினேன். 'விக்டர், மூத்த மேலாளர், கலிபோர்னியா.' ஏன் விக்டர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சொல்லிப் பார்த்தபோது கோட்டுப் போட்டவன் மாதிரி இருந்தது. அவன் குரலில் ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் எழுதினேன். 'நீலக்குதிரை என்ற அரிய முகவரி தற்போது எங்கள் வசம் உள்ளது. ஏழு நாட்களுக்குள் நீங்கள் முடிவு சொல்லாவிட்டால் உங்கள் போட்டியாளரிடம் பேச நேரிடும்.' துணி, பொம்மை, பீங்கான் என்று ஒரு வணிகப் பட்டியலில் கிடைத்த அறுபது கம்பெனிகளுக்கு அதை அனுப்பிவிட்டு, விக்டர் மாதிரியே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன்.

ஐந்தாம் நாள், சூளை எரிந்துகொண்டிருக்கிற மத்தியான நேரத்தில், அப்பா வீட்டுக்கு வந்தார்.

"பாப்பா, நல்ல சுடிதாரா ஒண்ணு போட்டுக்க. மொதலாளி கூப்புடுறாரு."

"என்னாத்துக்குப்பா?"

"பிராது எழுதணுமாம். எவனோ வெள்ளக்காரன் அவரு கம்பெனி பேர புடுங்கிக்கிட்டானாம். இங்கிலீசு கடுதாசி வந்திருக்குது. படிக்கவும் தெரிஞ்சி எழுதவும் தெரிஞ்ச ஆளு வேணும்னாரு. எம்பொண்ணு இருக்குதுன்னேன்."

கடைசி வரியைச் சொல்லும்போது அப்பா கொஞ்சம் உயரமாகத் தெரிந்தார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. வெள்ளைக்காரன் என்றதும் வேறு யாரோ என்றே நினைத்தேன். நானாவது வெள்ளைக்காரனாவது.

கம்பெனி வாசலில் தங்கராசு முதலாளி சரக்கு வேனுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கையில் என் மின்னஞ்சல், பிரவுசிங் சென்டரில் அச்செடுத்து, மழை பட்டுவிடக் கூடாதென்று பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். பக்கத்தில் அடுக்கியிருந்த ஊறுகாய் ஜாடிகளில் ஒன்றை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினார்.

"இதப் பாரு பாப்பா. இருவது வருசமா ஜாடிக்கு அடியில இதான் எங்க முத்திரை."

ஜாடியின் அடியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு நீலக்குதிரை முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. அதைச் சுற்றி, பொடி எழுத்தில், அதன் பெயர்.

எங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடியும் அந்தக் கம்பெனி ஜாடிதான். அம்மா கழுவிக் கவிழ்த்து வைக்கும்போதெல்லாம், நினைவு தெரிந்த நாளிலிருந்து, அந்தக் குதிரையைப் பார்த்து வளர்ந்திருக்கிறேன். எனக்கு வந்தது அருளே இல்லை, ஊறுகாய் ஜாடி. ஊரெல்லாம் 'தங்கராசு கம்பெனி' என்றே சொல்வதாலும், பட்டியலில் அவருடைய அப்பா, தாத்தா இனிஷியல்களோடு நீளமாக வேறு பெயர் இருந்ததாலும், அந்த அறுபதில் அவரும் ஒருவர் என்பது எனக்குத் தெரியாமல் போனது. ஜாடியைத் திருப்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். சொந்தமாக மூளை இருக்கிறதென்று நம்புகிறவர்கள் ஜாடியை எங்கே திருப்பிப் பார்க்கிறார்கள்?

"வக்கீல்கிட்ட கேட்டேன்" என்றார் முதலாளி. "அமெரிக்காகாரன் மேல கேசு போடணும்னா கம்பெனிய வித்துத்தான் போடணும்ங்கிறாரு. அதான் நம்ம கோர்ட்டுக்கே போயிடலாம்னு."

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவும் திறந்தேன். அப்பா எனக்குப் பக்கத்தில், இங்கிலீசு தெரிந்த மகளின் அப்பாவாக நின்றுகொண்டிருந்தார். வாய் தானாக மூடிக்கொண்டது.

வேனை முதலாளியே ஓட்டினார். அப்பா பின்னால் காலிப் பெட்டிகளோடு உட்கார்ந்துகொள்ள, எனக்கு முன்சீட்டு. படித்த பிள்ளை என்று மரியாதை. அந்த மரியாதை முதுகில் குத்திக்கொண்டே வந்தது.

"ஏம்மா, இவன் எப்புடி இருப்பான்னு நெனைக்கிற?"

"யாருங்கய்யா?"

"விக்டரு."

"உயரமா இருப்பாங்களோ என்னமோ."

"என்னா, இருப்பாங்களோவா! திருட்டுப் பயலுக்கு என்னா மரியாத? மீச இருக்குமா?"

"இருக்காதுன்னு நெனைக்கிறேங்க" என்றேன். கோயில் போய்ச் சேரும் வரைக்கும் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

கோயில் மண்டபத்தில் அட்டையை மடியில் வைத்து எழுத உட்கார்ந்தேன். முதலாளி சொல்லச் சொல்ல எழுத வேண்டும்.

"எழுது. விக்டர் என்னும் களவாணி..."

"ஐயா, சாமிக்கு எழுதுறதுல வசவு வரக் கூடாதுங்க."

"அப்புடியா? சரி, 'மேற்படி களவாணி'ன்னு போடு. மேற்படின்னா மரியாததான?"

போட்டேன். சும்மா இருக்க முடியாமல், 'அறியாமல் செய்திருக்கவும் கூடும்' என்று நடுவில் ஒரு வரியை நுழைத்துப் படித்துக் காட்டினேன்.

"அறியாமயா? ஏழு நாளு கெடு வெச்சவன் அறியாமயா செஞ்சான்? அத அடி!"

அடித்தேன். அதுவரை மரியாதையாக ஒதுங்கி நின்ற அப்பாவுக்கும் கோபம் வந்துவிட்டது. "மொதலாளி, 'அந்தக் கடுதாசிய எழுதுன கையி வெளங்காம போவணும்'னு சேத்துக்கலாங்களா?"

பேனா பிடித்திருந்த என் கையை நான் பார்த்தேன். "சாபமெல்லாம் பிராதுல எடுத்துக்க மாட்டாங்கப்பா" என்றேன்.

"அப்பறம் இதையும் எழுதும்மா" என்றார் முதலாளி. இந்த முறை அவர் குரலில் கோபம் இல்லை. "புதுசா பொட்டி அச்சடிக்கக் குடுத்திருக்கிறேன். பொட்டி மேல நம்ம பேரு டாட் காம்னு போடலாம்னு ஆசப்பட்டேன். வடக்க எவனோ ஒருத்தன் ஜாடிய வாங்குனா, அவன் நேரா நம்மகிட்டயே கேக்கலாமில்ல? நான் லேட்டு பண்ணிட்டேன். அதுக்குள்ள இவன் பூந்துட்டான். அதான் சாமி எனக்கு வவுறு எரியுதுன்னு எழுது."

அந்த வரியை மட்டும் என் கை அழகாக எழுதவில்லை.

படிக்காசு வாங்கிச் சீட்டுப் போடுகிற கோயில் அண்ணனிடம் தாளை நீட்டினோம். அவர் எங்களைப் பார்க்காமலே கேட்டார். "எதிராளி எந்த ஊரு?"

"அமெரிக்கா" என்றார் முதலாளி.

அண்ணன் இப்போது எங்களைப் பார்த்தார். "துபாய், குவைத்து கட்டியிருக்குது. மங்கலம்பேட்டை பக்கத்துலருந்து வருவாங்க. சிங்கப்பூரும் உண்டு. அமெரிக்காவுக்கு நான் இதான் மொத தடவ போடுறேன். கிலோமீட்டர் எவ்ளோ?"

"பாப்பா, போன்ல பாரு" என்றார் முதலாளி. "ஏன் தம்பி, ரோட்டுக் கணக்கா, ஆகாசக் கணக்கா?"

"சாமிக்கு மயிலு இருக்குதுங்க. ஆகாசக் கணக்கே போடலாம்."

போனில் பார்த்தேன். பதினாலாயிரத்துச் சொச்சம் காட்டியது. தாளில் அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தேன். எழுதப் போகும்போது அண்ணன் சாதாரணமாகச் சொன்னார். "பாத்து, சரியான தூரமா போடும்மா. சாமி அலையக் கூடாது."

அவர் தினமும் நூறு பேரிடம் சொல்கிற வார்த்தையாக இருக்கும். எனக்கோ கண் முன்னால் படமாக ஓடியது. கொளஞ்சியப்பர் மயிலில் ஏறி, கடலெல்லாம் தாண்டி, கலிபோர்னியாவில் தெருத்தெருவாக, ஒவ்வொரு கதவாகத் தட்டி, "இங்க விக்டருன்னு யாராவது இருக்கீங்களா?" என்று கேட்கிறார். எல்லாரும் உதட்டைப் பிதுக்குகிறார்கள். தன் பெயரைக் கொடுத்த சாமியை, இல்லாத ஒருத்தன் பெயரைத் தேடி அலையவிட்டவள் இங்கே நல்ல சுடிதார் போட்டுக்கொண்டு நிற்கிறாள்.

காலி இடத்தில் 4 என்று எழுதினேன்.

முதலாளி குனிந்து பார்த்தார். "ஏம்மா, மிச்ச சைபரெல்லாம் எங்க?"

"அவ்ளோதாங்கய்யா. நாலு."

"அமெரிக்கா நாலு கிலோமீட்டரா?"

"பாப்பா, காலையில சாப்ட்டியா நீயி?" என்றார் அப்பா கவலையாக.

"விக்டர் அமெரிக்காவுல இல்லப்பா. நம்ம தெருவுலதான் இருக்கான்."

"நம்ம தெருவுலயா! எந்த வூடு?"

"தண்ணி டேங்குக்கு எதிர் வூடு."

"அது நம்ம வூடு."

"ஆமாப்பா."

அப்பா நெற்றியைச் சுருக்கி, வீட்டில் இருக்கிற ஆட்களையெல்லாம் மனதுக்குள் ஒரு தரம் எண்ணிப் பார்த்தார். பிறகு மிகவும் குழம்பிப்போய்க் கேட்டார். "நம்ம வூட்டுல எவன்டி விக்டரு?"

எல்லாவற்றையும் சொன்னேன். கெடு, நாற்காலி, பழைய சோறு, ஜாடி, கல்லூரி மேடம் உட்பட ஒன்றுவிடாமல் சொன்னேன். எங்களுக்குப் பின்னால் பிராது கட்டக் காத்திருந்தவர்கள் தங்கள் கவலையை மறந்து கேட்டார்கள்.

முதலாளி கத்தியிருந்தால் தேவலை. அவர் என்னிடம் பேசவே இல்லை. அப்பாவைத் திரும்பிப் பார்த்து, "ஏகாம்பரம், இந்தப் பொண்ணயா எங்க ஆபீசு நாற்காலியில உக்கார வெக்கச் சொன்ன?" என்றார்.

அப்பா தரையைப் பார்த்தார். எத்தனையோ வருடம் சூளை நெருப்பை நேருக்கு நேர் பார்த்தவர், அந்த வெறும் சிமெண்டுத் தரையைப் பார்த்தார். அதை என்னால் தாங்க முடியவில்லை.

"ஐயா, அப்பாவுக்கு இது எதுவும் தெரியாதுங்க. அவர ஒண்ணும் சொல்லாதீங்க. அந்த நாற்காலியயும் நான் கேக்கலிங்க. உங்க பேர நாளைக்கே உங்களுக்கு மாத்திக் குடுத்துடுறேன், எனக்கு ஒண்ணும் வேணாம். விக்டர நிறுத்திடுறேன். ஆனா தொழில நிறுத்த மாட்டேங்க."

(சினிமாவாக இருந்தால் இந்த இடத்தில் இசை வரும். எனக்கு விக்கல் வந்தது. 'நிறுத்த மாட்டேங்க'வை மூன்று தவணையில் சொல்லி முடித்தேன்.)

"இப்ப பிராது கட்டுறீங்களா, இல்லியா?" என்றார் சீட்டு அண்ணன். "பின்னால ஆளு நிக்குது."

"கட்டுவேன்" என்றார் முதலாளி. "நாலு கிலோமீட்டருக்கே போடு."

"அதான் அந்தப் பொண்ணு குடுத்துடுறேன்னு சொல்லுதுங்களே."

"குடுக்கட்டும். குடுத்தப்பறம் ராஜினாமா. அது வரைக்கும் கேசு கேசுதான்."

எதிராளி பெயரைத் திருத்த வேண்டியிருந்தது. விக்டர் என்பதை அடித்துவிட்டு, அதற்கு மேல், 'ஏகாம்பரம் மகள் கொளஞ்சி' என்று எழுதினேன். தொழில் ஆரம்பித்த பிறகு ஒரு காகிதத்தில் நான் என் சொந்தப் பெயரைப் போட்டது அதுதான் முதல் தடவை. 'மேற்படி களவாணி' அப்படியே இருந்தது. அதைத் திருத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

திரும்பும்போது அப்பா வேனில் ஏறவில்லை. நடந்தோம். நாலு கிலோமீட்டர் எவ்வளவு தூரம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பாதி வழியில் அப்பா நடையைக் குறைத்தார். பிறகு முன்னால் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்த இங்கிலீசு கடுதாசி, நீயேதான் எழுதுனியா?"

"ஆமாப்பா."

"பாத்து எழுதல?"

"இல்லப்பா. நானேதான்."

"எத்தினி கம்பெனிக்கு?"

"அறுவது."

கொஞ்ச தூரம் நடந்தார். "அறுவது கம்பெனிக்காரன் படிச்சிருக்கான். அதுல கொளஞ்சின்னு போட்டிருந்தா என்னாவாம்? வேண்டி வெச்ச பேரு."

எனக்கு விக்கல் திரும்ப வந்தது.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் அம்மா என்னைத் திட்டவில்லை. முதல் வேலையாக ஊறுகாய் ஜாடியை எடுத்துப் பரண்மேல் ஒளித்து வைத்தார். பிராது நடக்கிற வீட்டைச் சாமி சும்மா விடமாட்டார் அல்லவா! அதன் பிறகு வீட்டில் எது நடந்தாலும் காரணம் நான்தான். பால் திரிந்தது, பிராது. மிக்சி நின்றது, பிராது. பக்கத்து வீட்டு ஆடு எங்கள் முருங்கையைக் கடித்ததும் பிராதுதான். "சீக்கிரம் ராஜினாமா வாங்குடி, நான் நிம்மதியா தும்மணும்" என்றார்.

மறுநாள் காலை கம்பெனிக்குப் போனேன். கம்ப்யூட்டர் இருந்தது அந்த மின்விசிறிக்குக் கீழேதான், அந்த நாற்காலிக்கு முன்னால்தான். வேறு வழியில்லாமல் அதிலேயே உட்கார்ந்து பெயரை மாற்ற ஆரம்பித்தேன். (சௌகரியமான நாற்காலி. அதை மறைக்கப் போவதில்லை.) பத்து நிமிட வேலை. முதலாளி தன் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மறந்துவிட்டதால் மத்தியானம் ஆனது. முடிந்ததும் திரையை உற்றுப் பார்த்தார்.

"இதுக்கு உள்ள என்னா இருக்குது?"

"உள்ள ஒண்ணும் இல்லிங்கய்யா. முகவரி மட்டுந்தான்."

"ஒண்ணுமில்லாததுக்கா சாமி வரைக்கும் போனோம்!" என்று சிரித்தார். ஆனாலும் புதுப் பெட்டி அச்சாகி வந்து, அதில் பெயர் டாட் காம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ராஜினாமாவுக்கு ஒப்புக்கொண்டார். மூன்று வாரம் ஆனது. அந்த ராஜினாமாவை எழுதியதும் நான்தான். வேறு யாருக்குக் கையெழுத்து அழகாக இருக்கிறது?

ஒருவர் வியாபாரம் செய்துகொண்டிருக்கிற பெயரை எடுத்துவைத்துக்கொண்டு அவரிடமே விலை பேசுவது எங்கள் தொழிலிலும் தப்புதான், அதைக் கேட்பதற்கு நிஜமான நடுவர்கள் இருக்கிறார்கள் என்பதையெல்லாம் அதன் பிறகு உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டேன். விமான நிலையத்தையும் முந்திரி வங்கியையும் கைவிட்டேன். எந்தப் பெயரைப் பதிவதற்கு முன்னாலும் அது ஏற்கெனவே யார் வீட்டு ஜாடிக்கு அடியிலாவது இருக்கிறதா என்று தேடினேன். மின்னஞ்சலையும் முதலிலிருந்து எழுதினேன். 'என் பெயர் கொளஞ்சி. விருத்தாசலத்தில் இருக்கிறேன். இந்த முகவரி என்னிடம் இருக்கிறது. உங்கள் தொழிலுக்குப் பொருந்தும் என்று தோன்றியது. வேண்டாமென்றால் பரவாயில்லை.' அதில் கெடுவும் இல்லை, போட்டியாளரும் இல்லை. நாற்பது பேருக்கு எழுதினேன், பதில் இல்லை. இன்னும் நாற்பது பேருக்கு எழுதினேன். அம்மா நாள்காட்டியில் தை முதல் தேதியைத் தினமும் ஒரு தரம் சத்தமாக வாசித்தார். அடுத்த நாற்பதையும் எழுதினேன்.

மார்கழியில் கோயம்புத்தூரிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். சிறுதானியப் பலகாரம் செய்கிறாராம். "கொளஞ்சிங்களா? இத்தனை நாளா எனக்கு வர்ற மெயில்ல எல்லாம் யார் யாரோ ஆளுங்க பேரு. உங்க பேரப் பாத்ததும் நிஜமான ஆளுன்னு தோணுச்சுங்க" என்றார். பெயரை ஒரே தடவையில் சரியாகச் சொன்னார். பொங்கலுக்குள் மூன்று பெயர் விற்றேன். தை முதல் தேதி அப்பா பொங்கல் சாப்பிட்டுவிட்டு, இலையை மடித்தபடியே, "மொதலாளி அந்த நாற்காலிக்கு வேற ஆளு பாத்துக்கிட்டாரு" என்றார். நான் கேட்காமலே சொன்னார். அவ்வளவுதான் எங்கள் பேச்சுவார்த்தை.

இது நான்காவது வருடம். இதுதான் என் முழுநேரப் பிழைப்பு. சில மாதம் நன்றாக ஓடும், சில மாதம் அம்மா ஒட்டுகிற ஜாடிக் காதுகளில்தான் வீடு ஓடும். ஆனாலும் நிறுத்தவில்லை. நிறுத்தப்போவதும் இல்லை.

விக்டரும் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. அப்பாவின் போனில் என் படத்துக்குப் பக்கத்தில் அவன் பெயர்தான் வரும். செல்போன் கடைக்காரரிடம் கேட்டுப் பதிந்துகொண்டாராம். மணவாளநல்லூருக்குக் கிளம்பினால் அம்மா, "அமெரிக்கா போயிட்டு வரேன்" என்பார். பெண்ணாடத்து அத்தை வந்தால், "களவாணி எங்க? ஓ, மேற்படி உள்ள இருக்காங்களா?" என்று மரியாதையோடு விசாரிப்பார்.

போன மாதம் நிஜமாகவே கலிபோர்னியாவிலிருந்து ஒருவர் என்னிடம் ஒரு பெயரைக் கேட்டு எழுதினார். ஆங்கிலத்தில், மேலாளர் என்று கையெழுத்துப் போட்டு. சந்தோஷம் தாங்காமல் அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அப்பா டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டே முழுசாகக் கேட்டார்.

"நல்லா விசாரிச்சுக்க பாப்பா" என்றார். "பக்கத்துல வேப்பூர்ல எந்தப் பொண்ணோ."